உப்புமா ரவை அடைச்ச தோட்டா

புளி போட்டுத் தேச்ச பித்தளைக்குன்னு ஒரு வாசனை இருக்கு. பாதி புளிப்பு, பாதி கையில ரொம்ப நேரம் பொத்தி வச்ச காசோட வாடை, ரெண்டும் சேர்ந்து நகக்கண்ணுல போயி உக்காந்துக்கிட்டு, சோறு திங்கும்போதுகூட மூக்குக்கு வந்து ஆஜர் குடுக்கும். அந்த வாசனை அடிச்சா உங்களுக்கெல்லாம் குத்துவிளக்கு ஞாபகம் வரும், வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும். எனக்கு வர்றது தோட்டா. ஆமா, துப்பாக்கியில போட்டுச் சுடுற தோட்டாதான். மத்த புள்ளைங்க சோழி உருட்டின வயசுல, நான் வெடிச்சு முடிஞ்ச பித்தளைக் கூட்டைச் சாம்பலும் புளியும் வச்சு மினுமினுன்னு தேச்சுக்கிட்டு இருந்தேன். "பொம்பளப் புள்ள செய்யற வேலையா இது"ன்னு அன்னிக்கும் கேட்டாங்க, இன்னிக்கும் கேப்பாங்க. கேக்கட்டும். அவங்களுக்குக் கேக்க வாய் இருக்கு, எனக்குச் சொல்லக் கதை இருக்கு.

ரங்கூன்ல பசுந்தாங் ஓடைக்கரை நெடுக அரிசி மில்லு புகை விட்டுக்கிட்டு நின்ன காலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சி. இருபதுகள்னு இப்பப் படிச்சவங்க சொல்றாங்க. எனக்கு வருசக் கணக்கு தெரியாது, முன்பல்லு விழுந்து திரும்ப முளைச்ச பெறகுன்னு மட்டும் தெரியும். அதுல ஒரு மில்லுக்கு எங்க அப்பா வேலு "தர்வான்", அதாவது வாசல் காவக்காரரு. பத்தர் குடும்பத்துல பொறந்துட்டு, நகை ஊதுற குழலைப் புடிக்க வேண்டிய கையில துப்பாக்கிக் குழலைப் புடிச்சுட்டான்னு சொந்தக்காரங்க கிண்டல் பண்ணுவாங்க. கேட்டை ஒட்டி மில்லு குடுத்த வீடு எங்களுக்கு. தகரக் கூரை. மழை பெஞ்சா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல விழாது, அதனாலயே மழைக்காலத்துல எங்க வீட்டுல சண்டை கம்மி.

சண்டைன்னு ஏன் சொல்றேன்னா, அந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி எங்க அம்மா மா பியூ, பர்மாக்காரி. நான் அவளை "அமே"ம்பேன், அவ என்னைய "தமீ"ம்பா, மகளேன்னு அர்த்தம். அப்பாவை மரியாதையா "கோ வேலு"ம்பா. பஜார்ல நாட்டு மருந்துக்கடை வச்சிருந்தவங்க வீட்டுப் பொண்ணு. சின்ன வயசுலருந்து மாத்திரை உருட்டி உருட்டி அவ விரலு பாம்பாட்டி விரல் மாதிரி, நடுங்காது. இன்னொருத்தி எங்க அத்தை செல்லம்மா, அப்பாவுக்கு மூத்தவ. கியாக்டடா பக்கம் பத்தர் கடை வச்சிருந்த மாமா செத்த பெறகு தம்பி வீட்டோட வந்துட்டா. வரும்போது கையில ஒரு தகரப்பெட்டி, இடுப்புல ஒரு மரப்பெட்டி. தகரப்பெட்டியில சேலை. மரப்பெட்டியில மாமாவோட பொன் தராசு, எடைக்கு வைக்கிற குன்றிமணி. ஆயுத பூஜை அன்னிக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வச்சுக் கும்பிடுவா, மத்த நாளெல்லாம் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சுக்குவா. அமே அதைத் தொடக்கூடாது.

"தொட்டா என்னத்தே ஆகும்?"னு நான் கேட்டேன்.

"மேல இருக்குற உங்க மாமாவுக்கு வெக்கமாயிருக்கும்."

மேல இருக்குறவருக்கு வெக்கம், கீழ இருக்குற எங்க அம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. ஆனா அமேயும் லேசுப்பட்டவ இல்ல. அத்தை வச்ச குழம்பை வாயில வச்சுட்டு "நல்லாருக்கு அண்ணி"ம்பா. அப்படியே என் பக்கம் திரும்பி பர்மாப் பாஷையில, "ஓடிப்போய் தண்ணி கொண்டா, நாக்கு செத்துப்போச்சு"ம்பா. அத்தைக்குப் பர்மாப் பாஷை தெரியாதுன்னு அமே நெனச்சுக்கிட்டு இருந்தா. தெரியும்னு எனக்குத் தெரியும். நான் ஏன் சொல்லணும்? எனக்குப் பொழுது போக வேண்டாமா?

இப்படிப் போயிக்கிட்டிருந்த வீட்டுக்கு ஒரு வருசம் மழை முடிஞ்ச கையோட கெட்ட காலம் வந்துச்சு. மில்லுக்குப் புதுசா ஒரு சின்னதுரை வந்தான், மீசை முளைக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த வயசு. வந்தவன் கேட்டுல அப்பாவைப் பாத்துட்டு, "மதராஸிக்கு மூட்டை தூக்க வரும், துப்பாக்கி வராது"ன்னான். ஏற்கெனவே வேற ஒரு காவக்காரரைக் கூட்டிட்டு வந்திருந்தான், பஞ்சாப் பக்கம், எல்லாரும் சிங்குன்னு கூப்பிடுவோம், ஆறடி ஆளு, நல்ல மனுசன். புது நெல்லுப் படகு வர்றதுக்கு முன்னாடி ஓடைக்கு அந்தப் பக்கம் அறுத்த வயல்ல ரெண்டு பேரும் பலகையைப் பாத்துச் சுடணும், யாரு நல்லா சுடுறாங்களோ அவங்களுக்குக் கேட்டு. கேட்டு யாருக்கோ வீடும் அவங்களுக்கு. தோத்தா அப்பா மூட்டைக் கூட்டத்தோட போகணும், நாங்க கூலிக் கொட்டாய்ல, ஒரு சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் எவனோ இருமுறதைக் கேட்டுக்கிட்டுப் படுக்கணும்.

அப்பாவுக்குச் சுட வராதுன்னு இல்ல. அவரு கையில மில்லு குடுத்தது தாத்தா காலத்துத் துப்பாக்கி. அடியில இருக்குற இரும்புக் கொக்கியை இழுத்தா வாயைத் திறக்கும், ஒரு தோட்டாவை முழுங்கும், திரும்ப மூடும். துப்பாக்கி கெழடா இருந்தாலும் ஒழுங்கான கெழடு. தோட்டாதான் மோசம். மரப்பெட்டியில கெடந்து எத்தனை மழை ஈரம் குடிச்சதோ, ஒண்ணு காக்காயைப் பாத்துப் போகும், அடுத்தது தென்னமரத்தைப் பாத்துப் போகும். "துப்பாக்கி பொய் சொல்லாதுடி, தோட்டாதான் பொய் சொல்லும்"ம்பாரு அப்பா. பட்டாளத்துல இருந்து வந்த யாரோ அவருக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க, வெடிச்ச கூட்டையே கழுவி, புது மருந்தும் புதுக் குண்டும் வீட்டுலயே அடைச்சுக்கலாம், ஒண்ணுபோல ஒண்ணு அடைச்சா ஒண்ணுபோல ஒண்ணு போகும்னு. சின்னதுரைகிட்ட அப்பா போயிக் கேட்டப்ப, அவன் சிரிச்சுட்டு, "உன் தோட்டா உன் இஷ்டம், வேணும்னா சோறாக்குற பானையில அடைச்சுக்கோ"ன்னானாம். நல்லதாப் போச்சு. அவன் வாயாலயே உத்தரவு.

முதல்ல அப்பாதான் தனியா உக்காந்து ஈயம் காய்ச்சினாரு. அத்தை வாசப்படியில நின்னு பாத்தா, பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா, அவளால தாங்க முடியல. "தங்கம் உருக்கின வீட்டுல பொறந்துட்டு ஈயத்தை இப்படியாடா ஊத்துவ, மாட்டுக்குக் கஞ்சி ஊத்துற மாதிரி? தள்ளு அங்கிட்டு"ன்னு சேலையை வரிஞ்சு கட்டி உக்காந்தவ போட்டி முடியற வரைக்கும் எந்திரிக்கல. மில்லு உமிக்கா பஞ்சம்? கொல்லையில உமிச்சட்டி வச்சு, இரும்புக் கரண்டியில ஈயத்தை உருக்கி, அச்சுல ஊத்தி, ஆறினதும் தட்டி எடுத்து, ஒவ்வொரு குண்டையும் தராசுல போட்டுப் பாப்பா. உள்ள காத்துக் குமிழி இருந்து எடை கொறைஞ்சா திரும்பவும் கரண்டிக்கே போகும். "தாலிக்குக் கோக்குற குண்டும் இதுவும் ஒண்ணுதான், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா கழுத்துலயும் நிக்காது, குறியிலயும் நிக்காது"ம்பா. ஈயம் வாங்கறது அமேயோட வேலை. கெமண்டைன் படகுத்துறைக்குப் போயி வலைக்காரங்க கழிச்சுப் போட்ட வலைக்குண்டைப் பேரம் பேசி அள்ளிக்கிட்டு வருவா. அவ பேரம் பேசினா வலைக்காரன் வலையையும் சேத்துக் குடுத்துட்டுப் போயிருவான்.

கருமருந்தை அடைக்கிறது உள் ரூம்புல. அடுப்பு கொல்லையில, மருந்து உள்ள. ரெண்டும் நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் மாதிரி, ஒரே எடத்துல உக்காரக்கூடாதுன்னு அப்பா சிரிப்பாரு, ரெண்டு பேரும் இல்லாத நேரமாப் பாத்து. தேச்சு வெயில்ல காய வச்ச கூட்டுக்கு அடியில புதுக் கேப்பு, அதான் அடிச்சா பொறி விடுற சின்ன வெடிமூடி, வைக்கிறது அப்பா. மருந்தை நிறுக்கிறது அத்தை. அவ நிறுக்கும்போது முதுகைக் காட்டிக்கிட்டு, பெட்டியை மடியில மறைச்சுக்குவா. எதிர்ல உக்காந்திருக்கிற அமேக்குத் தெரியறதெல்லாம் அத்தையோட கொண்டைதான். மணி தட்டுல விழுற டிக் டிக் சத்தத்தை மட்டும் அமே காதால எண்ணிக்குவா. எதுக்கு எண்ணினான்னா, எண்ணாதேன்னு யாரும் சொல்லல, அதுக்குத்தான்.

கூட்டுல மருந்து பாதிக்குக் கிட்டதான் நிக்கும். துப்பாக்கி கெழடு, குழல் உள்ள தேஞ்சு போனது, வயிறு முட்டப் போட்டா ஒதைக்கும், குண்டு குறிக்கு மேல தாவும், என்னிக்காவது குழலே பொளந்துக்கிட்டாலும் பொளந்துக்கும்னு அப்பா சொல்லியிருந்தாரு. ஆனா மிச்ச எடம் காலியாவும் இருக்கக்கூடாதாம், மருந்து ஆடிக்கிட்டு இருந்தா அதுவும் ஆபத்தாம். அதை நெரப்புறதுக்கு ரவை. துப்பாக்கி ரவை இல்லீங்க, உப்புமா ரவை. அதை அளந்து ஊத்துறது என் வேலை. அதுக்கு மேல தேன்மெழுகும் நல்லெண்ணெயும் தடவின குண்டை அமே வச்சு, மாத்திரை அமுக்குற மாதிரி பெருவிரலால ஒரு அமுக்கு அமுக்குவா. முடிஞ்சுச்சு தோட்டா.

சாயங்காலம் அப்பா வயலுக்குப் போயி சுட்டுப் பாத்துட்டு வருவாரு. பலகையில முதல்ல முறம் அகலத்துக்கு விழுந்த ஓட்டை, தட்டு அகலத்துக்கு வந்துச்சு, அப்புறம் கிண்ணி அகலத்துக்கு வந்துச்சு. கிண்ணி அகலம் வந்த அன்னிக்கு அப்பா வாயைத் திறக்காம சோத்தைத் தின்னாரு. சிரிப்பு வெளிய கொட்டிரும்னு பயம்.

இதெல்லாம் கூலிக் கொட்டாய்க்குத் தெரியாம இருக்குமா? தண்ணிக் குழாயடியில, "வேலு வீட்டுல கிண்டுறது உப்புமாவா வெடியா?"ன்னு கேப்பாங்க. "மருந்து தொட்ட புள்ளைய எவன் கட்டுவான்?"னு ஒருத்தி என் எதிர்லயே கேட்டா. அத்தை குடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டே, "சத்தத்துக்குப் பயப்படாதவன் கட்டுவான். உன் புருசன் மாதிரி, நீ தும்மினா கட்டிலுக்கடியில போறவனுக்கு நாங்க குடுக்க மாட்டோம்"னா. அப்புறம் குழாயடியில எங்க குடத்துக்குத்தான் முதல் எடம்.

சுடற நாளுக்கு முந்தின நாளு அத்தை காளியம்மனுக்கு வேண்டிக்கணும்னு கெளம்பினா, துணைக்கு என்னையும் இழுத்துக்கிட்டா. டப்பா நெறைய தோட்டா ரெடி. பூஜை முடிய நேரமாகும், மாமா சொந்தக்காரங்க வீட்டுல படுத்துட்டுக் காலையில வர்றோம்னு சொல்லிட்டு, மரப்பெட்டியைப் பூட்டி, இழுத்துப் பாத்து, சாவியை முடிஞ்சுக்கிட்டுப் போனா. கோயில்ல அவ வேண்டின வேண்டுதலைக் கேட்டா அம்மனுக்கே மூச்சு முட்டியிருக்கும்; முடி தர்றேன்னா, பொங்கல் வைக்கிறேன்னா, தம்பி ஜெயிச்சா பியூகிட்ட ஒரு மாசம் சண்டை போடாம இருக்கேன்னா. கடைசி ஒண்ணைச் சொல்லிட்டு, "பதினஞ்சு நாளு"ன்னு கொறைச்சுக்கிட்டா.

காலையில நாங்க திரும்பி வந்தப்ப அப்பா ஓடையைத் தாண்டிப் போயாச்சு. அத்தை பசியோட நேரா அடுக்களைக்குப் போயி, உப்புமா கிண்டலாம்னு ரவை டப்பாவைத் தூக்கினவ, தூக்கின கையோட நின்னுட்டா.

"ஏ பியூ, நேத்து நான் போகும்போது இருந்த மாதிரியே கெடக்கே ரவை. ஆனா வாசல்ல புதுசாத் தேச்ச புளிச்சக்கை கெடக்கு. என்ன நடந்துச்சு?"

"கோ வேலு பயத்துல எல்லாத் தோட்டாவையும் நேத்தே சுட்டுட்டாரு அண்ணி. கையைப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் திரும்ப அடைச்சோம்."

"நிறுத்தது யாரு?"

"நான்தான். உங்க பெட்டிதான் பூட்டியிருக்கே. எங்க அம்மா கடைத் தராசு இருந்துச்சு. நீங்க வைக்கிற அதே எண்ணிக்கை மணி."

"ரவை எங்கடி போட்ட?"

"எடமே இல்ல. ஒரு சிட்டிகைதான் போச்சு. நீங்கதான் எதுலயும் ரவை போடுற சனமாச்சே, இதுலயும் ருசிக்குப் போடுறீங்கன்னு நெனச்சேன்."

"கொண்டா உன் மணிய."

அமே கொண்டு வந்து உள்ளங்கையில கொட்டினா. எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. நம்ம குன்றிமணி உங்களுக்குத் தெரியும், பொடிசா, செவப்பா, ஒரு ஓரத்துல மை வச்ச மாதிரி கறுப்புக் கண்ணு. பர்மாக்காரங்க தராசுல வைக்கிறதும் செவப்பு மணிதான், ஆனா அது பெருசு, கண்ணும் கெடையாது, நம்ம ஊர்ல மஞ்சாடிம்பாங்க. மஞ்சாடி ஒண்ணு இருக்குற எடைக்குக் குன்றிமணி ரெண்டு வைக்கணும். அத்தை வச்ச எண்ணிக்கைக்கு அமே பெரிய மணியை வச்சிருக்கா. துப்பாக்கி தாங்குற மருந்துல சரியா ரெண்டு பங்கு கூட்டுக்குள்ள போயிருக்கு. கேப்பு வைக்கிறதுல கண்ணா இருந்த அப்பா, நிறுவையைக் கவனிக்கல.

அத்தை கத்துவான்னு நான் காதைப் பொத்திக்கிட்டேன். அவ கத்தல. முந்தானை முடிச்சை ஒரு தடவை பாத்தா. "பூட்டி வச்சேன்ல. எனக்கு வேணும்"னு தன் தலையில தானே ஒரு போடு போட்டுக்கிட்டு, மரப்பெட்டியை அப்படியே தூக்கிக்கிட்டு ஓடினா. அமே ரவை டப்பாவையும், கேப்பு, மெழுகு, கிண்ணத்தையும் கையில கெடச்ச துணியில வாரிக் கட்டினா. கையில கெடச்சது கொடியில காஞ்சுக்கிட்டிருந்த அவளோட "தமேன்", பொம்பளைங்க இடுப்புல கட்டுற துணி. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

ஓடையில ஒரு சம்பான் படகு. அத்தை கப்பல்ல ரங்கூனுக்கு வந்து எறங்கின நாள்ல இருந்து தண்ணியில காலு வைக்காதவ. அன்னிக்கு ஏறினா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, படகுக்காரனையும் அவன் வம்சத்தையும் ஓடையில இருக்குற மீனையும் திட்டிக்கிட்டே வந்தா. பாதி ஓடையில ஒரு வெடிச்சத்தம் கேட்டுச்சு. தெனமும் சாயங்காலம் கேக்குற சத்தம் இல்ல அது. அடிவயித்துல வந்து இடிச்சுச்சு. அத்தை திட்டுறதை நிறுத்திட்டா. அமே என் கையைப் புடிச்ச புடியில வளையல் ரெண்டு நொறுங்கிச்சு, அவளும் பாக்கல, நானும் சொல்லல.

கரையேறி ஓடினா, அப்பா நிக்கிறாரு. முழுசா நிக்கிறாரு. வலது தோளை இடது கையால புடிச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்துப் போயி நிக்கிறாரு. குண்டு பலகைக்கு எவ்வளவோ மேல போயி பின்னால இருந்த பனைமரத்து மட்டையைக் கிழிச்சிருக்கு. மில்லுச் சனம், படகுக்காரங்க, கூலிக் கொட்டாய் ஆளுங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. சின்னதுரை வானத்தைக் காட்டி, "மதராஸி கொக்கு சுடறான்"ங்கிறான். அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த தோட்டாவுக்குப் பையில கைய விடறாரு.

"தம்பி! அதைப் போடாதே!"

அத்தை குரலுக்கு வயல் கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு. சுண்ணாம்புக் கோடு ஒண்ணு போட்டு வச்சிருந்தாங்க, அதைத் தாண்டி சுடறவங்களைத் தவிர யாரும் வரக்கூடாதுன்னு. அமே அதை மிதிச்சுக்கிட்டே நடந்தா. சின்னதுரை, "ஏய், போ, பொம்பளைங்க போ"ன்னு கோழி வெரட்டற மாதிரி கையை ஆட்டினான். மருந்து கூடிப்போச்சுன்னு அத்தை சொன்னதும் அப்பா ஒரே ஒரு காரியம் பண்ணினாரு. துப்பாக்கியைப் புல்லு மேல வச்சாரு.

"துரை, என் தோட்டா என் இஷ்டம்னு சொன்னது நீங்க. என் தோட்டா அடைக்கிறவங்க இவங்க. இவங்க சரி பண்ணிக் குடுத்தா சுடறேன். இல்லேன்னா வீட்டை இப்பவே காலி பண்றேன், நீங்க கொக்கு சுட்டுக்குங்க."

வீடு போச்சுன்னு நெனச்சேன். சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் இருமறவன் சத்தம்கூட காதுல கேட்டுச்சு. அப்பத்தான் சிங்கு தாடியைத் தடவிக்கிட்டுச் சொன்னாரு: "துரை, கோணத் தோட்டாக்காரனை நான் ஜெயிச்சேன்னா என் ஊர்ல என்னைய மனுசன்னு சொல்ல மாட்டாங்க. அடைக்கட்டும். நான் அதுக்குள்ள ஒரு டீ குடிக்கிறேன்." சொல்லிட்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நிஜமாவே டீ குடிக்க உக்காந்துட்டாரு. எதிராளியே உக்காந்த பெறகு சின்னதுரை என்ன பண்ணுவான்? கைக்கெடியாரத்தைப் பாத்தான்.

வயல்ல காத்து. காத்துல பொன் தராசு நிக்குமா? தூளி மாதிரி ஆடுது. அமே மூட்டையைப் பிரிச்சு, அந்தத் தமேனை உதறி, என்னைய ஒரு முனையும் அப்பாவை ஒரு முனையும் புடிக்கச் சொன்னா. படகுக்காரங்க பக்கம் "ஐயோ"ன்னு ஒரு சத்தம் எழும்பிச்சு. உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், பர்மாக்காரங்ககிட்ட பொம்பளை கட்டின தமேன் ஆம்பளை தலைக்கு மேலயோ ஆயுதத்துக்குக் கிட்டயோ போனா, அவனோட "போங்", அதான் ஆம்பளைக்குன்னு இருக்குற மகிமை, தேஞ்சுபோயிரும்னு நம்பிக்கை. கொடியில காயப்போட்டாக்கூட அதுக்கடியில எந்த ஆம்பளையும் போக மாட்டான். இங்க என்னடான்னா துப்பாக்கியும் தோட்டாவும் சுடப்போற ஆளும் எல்லாம் அந்தத் துணி மறைவுலயே. "மா பியூ, உன் புருசன் போங் போயிரும்! குறி தப்பிரும்!"னு ஒரு படகுக்காரக் கெழவன் கத்தினான்.

அமே திரும்பிக்கூடப் பாக்கல. "இந்தத் துணியிலதான் அவரு புள்ளையைத் தூளி கட்டி ஆட்டினேன், பெரியவரே. அன்னிக்கு அந்தத் தூளிக்கடியில படுத்துக் குறட்டை விட்டவருக்குப் போகாத போங், இன்னிக்குக் காத்து மறைக்கும்போதா போயிரும்? நீங்க உங்க போங்கைப் பத்திரமா வச்சுக்குங்க, எங்க வீட்டுதைக் கழுவியே வச்சிருக்கேன்."

இந்தப் பக்கம் நம்ம ஆளுங்களும் முணுமுணுத்தாங்க, அவங்களுக்குப் பொம்பளை மருந்து தொடறது தீட்டு. ஆக ரெண்டு ஜாதியும் சேர்ந்து ஒரே விசயத்துக்கு முகம் சுளிச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

தோட்டா ஒண்ணொண்ணையும் அமே குண்டைத் திருகிக் கழட்டி, மருந்தைக் கிண்ணத்துல கொட்டினா. அத்தை பெட்டியைத் திறந்து தராசைத் தூக்கினா. தட்டு ரெண்டும் டகடகன்னு அடிச்சுக்குது. காத்து இல்ல, அத்தை கைதான். படகுல ஏறின பயமோ, தம்பி மூஞ்சியைப் பாத்த பயமோ, அந்தக் கை நிக்கவே மாட்டேங்குது. இன்னொரு கையால புடிச்சுப் பாத்தா, அதுவும் நடுங்குது. சின்னதுரை கெடியாரத்தைத் தட்டறான். அத்தை எங்க அம்மாவைப் பாத்தா. பாத்துட்டு, மாமாவோட தராசை, சந்தனம் வச்சுக் கும்பிட்ட அந்தத் தராசை, நீட்டினா.

"உன் கைதான் நிக்குது. புடி."

அமே வாங்கல. "அவருக்கு மேல வெக்கமாயிருக்குமே அண்ணி."

"அவரு கண்ணை மூடிக்குவாரு. புடிடி."

அமே புடிச்சா. முள்ளு நேரா நின்னுச்சு. அத்தை குன்றிமணியை ஒண்ணொண்ணா அவ தட்டுல வச்சா, மறைக்காம, எல்லாருக்கும் தெரியற மாதிரி. நான் ரவையை ஊத்தினேன். ரவை உள்ள எறங்கறதைப் பாத்தப்ப எங்க மூணு பேருக்கும் ஒரே நேரத்துல மூச்சு வந்துச்சு.

அப்புறம் சுட்டாங்க. சிங்கு நல்லாத்தான் சுட்டாரு, ரெண்டு மட்டும் கறுப்பு வட்டத்துக்கு வெளிய போச்சு. அப்பா தோள் வீங்கியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தோள்ல வைக்கும்போது அவரு உதடு ஒரு பக்கம் இழுத்துக்கும். ஆனா சத்தம் பழைய சத்தம், சாயங்காலச் சத்தம். ஒண்ணுபோல ஒண்ணு. பனைமரத்துக்குப் போன முதல் குண்டு போக மிச்சம் எல்லாம் வட்டத்துக்குள்ள, கிண்ணி அகலத்துக்குள்ள. பலகையைக் கொண்டு வந்து காட்டினப்ப எவனும் சிரிக்கல. போங் போச்சுன்னு கத்தின கெழவன் மட்டும் கிட்ட வந்து ஓட்டையில விரலை விட்டுப் பாத்துட்டு, அமேகிட்ட, "அந்தத் தமேன் எந்தக் கடையில வாங்கின?"ன்னு கேட்டான்.

சின்னதுரை "அதிர்ஷ்டம்"னான். சொல்லிட்டுப் போகட்டும், கேட்டு எங்களோடது, வீடு எங்களோடது. சிங்குக்குப் படகுத்துறைப் பக்கத்து வாசலைக் குடுத்தாங்க, அவரு தினமும் அமே கையால மொஹிங்கா, அதான் மீன்சாறு ஊத்தின சேமியா, சாப்பிட வந்து, "அன்னிக்கு டீ குடிக்கப் போயி கேட்டைக் குடிச்சுட்டேன்"னு சிரிப்பாரு. அடுத்த வாரமே துரை ஒரு உத்தரவு எழுதி ஒட்டினான், இனிமே எந்தக் காவக்காரனும் வீட்டுல தோட்டா அடைக்கக்கூடாதுன்னு. உத்தரவு கேட்டு மேல ஒட்டியிருந்துச்சு. அந்தக் கேட்டைக் காவல் காத்தது எங்க அப்பா. கேட்டுக்குப் பின்னால உமிச்சட்டி புகைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

அத்தை அம்மனுக்குச் சொன்ன பதினஞ்சு நாளும் சண்டை போடல. பதினாறாம் நாளு காலையில குழம்புக்கு உப்பு பத்தலன்னு ஆரம்பிச்சா, பர்மாப் பாஷையில. அமே வாயில வச்ச சோறு அப்படியே நின்னுபோச்சு. ஆனா மரப்பெட்டியை அதுக்கப்புறம் பூட்டல. குன்றிமணியும் மஞ்சாடியும் ஒரே டப்பியில கெடந்துச்சு. எதுக்கு எது எத்தனைன்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அந்த மில்லு இல்ல. கேட்டு நின்ன எடத்துல மாடிவீடும், பஸ் நிக்கிற சத்தமும். ஓடைக்கு அந்தப் பக்கம் வயலுன்னு சொன்னா பேரப்புள்ளைங்க சிரிக்கிறாங்க, ரெண்டு வார்த்தை தமிழ், பத்து வார்த்தை பர்மாப் பாஷையில. உலக யுத்தம் வந்து குண்டு விழுந்தப்ப நம்ம சனம் மூட்டை கட்டிக்கிட்டு மலை ஏறித் தாய்நாட்டுக்கு நடந்துச்சு, நாங்க போகல. கேட்டே விடாத குடும்பம் ஊரையா விடும்? ஆனா அந்தக் கலவரத்துல தராசுத் தட்டு ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. டப்பி மட்டும் என்கிட்ட இருக்கு. என் வாழ்நாள் பூரா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் மாத்தி மாத்தி, நீ எந்தப் பக்கம், முழுசா, அரையான்னு கேட்டுட்டாங்க. நான் பதில் சொல்றதில்ல, டப்பியைக் காதுகிட்ட வச்சு ஒரு குலுக்கு குலுக்கிக் காட்டுவேன். எந்த மணி சத்தம் போடுதுன்னு நீயே பிரிச்சுச் சொல்லும்பேன். இதுவரைக்கும் எவனும் சொல்லல.

இன்னொண்ணு மட்டும் என்னைய விட்டுப் போகல. காலையில டப்பாவைத் திறக்கும்போது ரவை நெனச்சதைவிடக் கூட இருந்துச்சுன்னா எனக்கு நெஞ்சு திக்குனு அடிச்சுக்கும், தோள் தன்னால வலிக்கும். அப்பவே அடுப்பைப் பத்த வச்சு, இருக்குற ரவை முழுக்க உப்புமா கிண்டிருவேன். பேரப்புள்ளைங்களுக்கு உப்புமான்னா ஆகாது, மூஞ்சியைச் சுளிக்குங்க. சுளிக்கட்டும். நான் இருக்குற வரைக்கும் இந்த வீட்டுல ரவை மிச்சம் இருக்காது. தின்னுதான் ஆகணும்.